கனவு (பாரதியார்)

கனவு என்பது சுப்பிரமணிய பாரதியார் தம் இளமைக்கால வாழ்க்கையைத் தாமே கதையாகச் சொல்லும் செய்யுள் நூல் ஆகும். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரியில் பாரதியார் புகலிடம் பெற்று வாழ்ந்தபோது, 1910 ஆம் ஆண்டில் இது வெளியானது. பிற்காலத்துப் பாரதி பாடல் தொகுப்புகளில் இது ‘சுயசரிதை’ என்னும் தலைப்பின் கீழ் இடம்பெறுகிறது. 49 விருத்தங்களைக் கொண்ட இந்நூல், எட்டயபுரத்தில் கழிந்த பிள்ளைப் பருவத்தில் தொடங்கி, தந்தையின் செல்வம் அழிந்து அவர் மறைந்ததோடு கதையை முடிக்கிறது. சென்னை மாகாண அரசு 1911 இல் இந்நூலைத் தடை செய்தது.

தன்வரலாறாக மட்டுமன்றி, பெற்றோரை இழந்த ஒரு சிறுவனின் நிலையைக் கூறும் கதைக் கவிதையாகவும் இந்நூலைப் படிக்கலாம். பாரதியார் ஐந்து வயதில் தாயையும், பதினாறு வயது நிறையும் முன்னரே தந்தையையும் இழந்தவர். இவ்விரண்டு இழப்புகளும் நூலில் இடம்பெறுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே வகையில் சொல்லப்படவில்லை.

பின்னணி

எட்டயபுரம்

பாரதியார் 1882 திசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமீனில் பணியாற்றியவர். கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஈடுபாடு உடையவர். தாயார் 1887 இல் காலமானார். தந்தை 1889 இல் மறுமணம் செய்துகொண்டார். எட்டயபுரம் அரசவைப் புலவர்கள் 1893 இல் சிறுவனுக்குப் ‘பாரதி’ என்னும் பட்டத்தை அளித்தனர்.

பாரதியார் 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். 1897 இல் அவருக்கும் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாவுக்கும் திருமணம் நடந்தது. சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலையை நிறுவியிருந்தார். அம்முயற்சி தோல்வியுற்று, குடும்பம் செல்வத்தை இழந்தது. தந்தை உயிருடன் இருந்தபோதே, தம் கல்விக்கு உதவுமாறு எட்டயபுரம் அரசருக்கு 1897 சனவரியில் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதினார் பாரதியார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. 1898 இல் சின்னசாமி ஐயர் காலமானார். அதன்பின் பாரதியார் காசியில் இருந்த தம் அத்தை குப்பம்மாளின் இல்லத்திற்குச் சென்று கல்வியைத் தொடர்ந்தார்.

புதுச்சேரி

‘இந்தியா’ வார இதழில் வெளிவந்த எழுத்துகளுக்காகச் சென்னையில் கைது நடவடிக்கைகள் தொடங்கியபோது, பாரதியார் 1908 இல் புதுச்சேரிக்குச் சென்றார். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாதலால் பிரித்தானியக் காவல்துறை அவரை அங்கே கைது செய்ய இயலவில்லை. ‘இந்தியா’ இதழ் புதுச்சேரியில் இருந்து மீண்டும் வெளிவந்து, 1910 மார்ச்சு மாதத்தில் நின்றது. இதழ் நின்ற அதே ஆண்டிலேயே ‘கனவு’ நூல் வடிவம் பெற்றது. அப்போது பாரதியாரின் வயது இருபத்தேழு. நூலின் கதை முடியும் 1898 ஆம் ஆண்டிற்கும் நூல் வெளியான ஆண்டிற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு இடைவெளி உள்ளது. காசி வாழ்க்கை, எட்டயபுர அரசவைப் பணி, மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் பணி, ‘சுதேசமித்திரன்’ பணி, அரசியல் ஈடுபாடு ஆகிய எவையும் நூலின் கதைக்குள் வருவதில்லை.

பெயரும் அமைப்பும்

நூலின் முகப்பில், கழிந்த வாழ்வு பொய்யாகவும் பழங்கதையாகவும் கனவாகவும் போய்விட்டது என்னும் கருத்துடைய பட்டினத்தார் வாக்கு மேற்கோளாகத் தரப்பட்டுள்ளது. நூலின் பெயருக்கு இதுவே அடிப்படை. முதற் செய்யுளும், வாழ்வு முழுவதும் கனவு என்று அறிஞர் கூறியது பிழையன்று என்னும் கருத்துடன் தொடங்குகிறது.

நூல் பின்வரும் உட்தலைப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது:

- முன்னுரை
- பிள்ளைக் காதல்
- ஆங்கிலப் பயிற்சி
- மணம்
- தந்தை வறுமை எய்திடல்
- பொருட் பெருமை
- முடிவுரை

இத்தலைப்புகள் ஒரு சிறுவனின் வாழ்க்கையை, அவனுக்கு வாய்த்தவை, அவன் மேல் சுமத்தப்பட்டவை, அவன் இழந்தவை என்னும் வரிசையில் அடுக்குகின்றன. தாயின் மரணத்திற்கு என்று தனித் தலைப்பு இல்லை. தந்தையின் வறுமைக்குத் தனித் தலைப்பு உண்டு.

கதைச் சுருக்கம்

பிள்ளைக் காதல் பகுதியில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மீது தாம் கொண்ட அன்பைப் பாரதியார் விவரிக்கிறார். அவளைச் சகுந்தலைக்கு ஒப்பிடுகிறார். ஒரு திருவாதிரை நாளில் சிவன் கோயில் மண்டபத்தில் இருவரும் தனியே பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் இடையில் எழுந்து மறைந்து, மை கொண்டுவந்து அவருடைய நெற்றியில் பொட்டு இடுகிறாள். நூலில் முழு மகிழ்ச்சியோடு சொல்லப்படும் நிகழ்ச்சி இதுவே.

ஆங்கிலப் பயிற்சி பகுதியில், தந்தை தம்மைத் திருநெல்வேலிக்கு அனுப்பியதைக் கூறுகிறார். சிங்கக் குட்டியைப் புல் தின்னுமாறு அனுப்பியதற்கு அதை ஒப்பிடுகிறார். அக்காலப் பள்ளிக் கல்வி மீதான கடுமையான விமரிசனம் இப்பகுதியில் உள்ளது. பன்னிரண்டு ஆண்டு கணிதம் படித்தும் வானத்தில் ஒரு விண்மீனின் நிலையை அறியாதவர்கள், வணிகமும் பொருளியலும் பேசியும் தம் நாட்டின் செல்வம் அழிவதை உணராதவர்கள் என்று அக்கல்வி பெற்றவர்களைச் சாடுகிறார். தந்தைக்கு ஆயிரம் செலவானது, தமக்கு விளைந்த தீமையோ பல்லாயிரம், நன்மை எள்ளளவும் இல்லை என்று கணக்கிட்டுக் கூறுகிறார்.

மணம் பகுதியில், தம் விருப்பத்தைக் கேளாமல் தந்தை திருமணம் செய்துவைத்ததைச் சொல்கிறார். அதில் தீங்கு இருப்பதை அறிந்தும் எதிர்க்கும் திறன் தமக்கு இல்லாமற் போனது என்கிறார்.

தந்தை வறுமை எய்திடல் பகுதியில், ஊணர் என்று தாம் குறிப்பிடும் ஐரோப்பியரின் சூழ்ச்சியால் தந்தை பெருஞ்செல்வம் முழுவதையும் இழந்ததாகக் கூறுகிறார். அருகில் நின்று புகழ்பாடிய பழைய நண்பர்கள் கைவிட்டுப் போனார்கள். அவரால் வாழ்ந்த உறவினரும் பணியாளரும் மதிப்பதை நிறுத்தினார்கள்.

பொருட் பெருமை பகுதி, பொருள் இல்லாதவர்க்கு இவ்வுலகம் இல்லை என்னும் வள்ளுவர் கருத்தை எடுத்துக்கொண்டு, பொருள் இல்லாதவர்க்குச் சுற்றமும் துணையும் இல்லை என விரிகிறது. இறைவனை வேண்டும் செய்யுளுடன் நூல் நிறைவடைகிறது. தெளிந்த அறிவு, உறுதியான நெஞ்சம், அன்பு, புலன்கள் மீது ஆட்சி முதலியவற்றைக் கவிஞர் அதில் வேண்டுகிறார். பொருளை வேண்டவில்லை.

பெற்றோரின் இழப்பு

தாய்

தாயைப் பற்றிய குறிப்பு பிள்ளைக் காதல் பகுதியில், பொட்டு இட்ட நிகழ்ச்சிக்கு அடுத்து வருகிறது. அச்செய்யுளின் நேரடிப் பொருள் தாயைப் பற்றியது அன்று. தாய்வழிப் பாட்டனாரைப் பற்றியது. தம்மைப் பெற்று, ஐந்து வயதில் தவிக்க விட்டுவிட்டு வானுலகு சென்ற தாய் என்றும், அத்தாயைப் பெற்றவர் என்றும் கூறிப் பாட்டனாரை அறிமுகம் செய்கிறார். பாட்டனார் மூன்று வேளையும் தமிழ்ச் செய்யுள் பாடிச் சிவனை வழிபடுபவர். பூசை முடிந்ததும் அருச்சனை செய்த மலர்களை எடுத்துக்கொண்டு சிறுவன் தான் விரும்பும் சிறுமியிடம் செல்கிறான். அவள் புன்னகை செய்கிறாள்.

இலக்கண அமைப்பில் பார்த்தால், தாயின் மரணம் இங்கே ஒரு தனி வாக்கியமாகக் கூட இல்லை. பாட்டனாரைச் சுட்டும் அடைமொழித் தொடருக்குள் அடங்கிவிடுகிறது. அத்தொடரில் தாயின் தோற்றம் இல்லை, பெயர் இல்லை, அவர் பேசிய சொல் எதுவும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு எஞ்சக்கூடிய இரண்டு செய்திகள் மட்டுமே உள்ளன: தாய் போய்விட்டார், தான் தவித்திருந்தேன் என்பன. தாயின் இடத்தில் அவருடைய தந்தையும், அவருடைய பூசை மலர்களும் நிற்கின்றன.

தந்தை

தந்தை நூல் முழுவதும் வருகிறார். அவர் மீதான மனக்குறைகளும் நூல் முழுவதும் உள்ளன. ஒத்த வயதுடைய சிறுவர்கள் ஓடியாடியும், ஆற்றிலும் குட்டையிலும் நீந்தியும், மரங்களில் ஏறி இறங்கியும் களித்தபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தெரு விளையாட்டு எதிலும் தாம் சேரவில்லை என்றும், நூல்களோடு தனித்திருந்து தோழமை இன்றி வருந்தியதாகவும் பாரதியார் கூறுகிறார். விரும்பாத கல்வியும், கேளாமல் முடித்த திருமணமும் தந்தை தந்தவையே.

எனினும் இக்குறைகளைச் சொல்லும் இடத்திலேயே தந்தையை வஞ்சம் இல்லாத உள்ளம் உடையவர் என்றும், தமக்கு நன்மை செய்யவே எண்ணினார் என்றும் பாரதியார் குறிப்பிடுகிறார். பழி கல்வி முறை மீதும், வாக்கு மாறிய நண்பர்கள் மீதும், செல்வத்தைக் கவர்ந்தவர்கள் மீதும் விழுகிறது. தந்தையின் நோக்கத்தின் மீது விழவில்லை.

தந்தையின் மரணம் நூலின் இறுதியை நெருங்கும் ஒரு செய்யுளில் இரண்டே சொற்களில் அறிவிக்கப்படுகிறது. நோய், இறுதி நேரம், சடங்குகள் ஆகிய எவையும் விவரிக்கப்படவில்லை. உடனே அடுத்தடுத்து இல்லாமைகள் பட்டியலிடப்படுகின்றன. வறுமை சூழ்ந்தது, அஞ்சாதே என்று சொல்ல உலகில் ஒருவரும் இல்லை, சிந்தையில் தெளிவு இல்லை, உடலில் திறன் இல்லை, உள்ளத்தில் வலிமை இல்லை, பொருள் செலவிட்டுக் கற்ற கல்வியால் பயன் இல்லை, செல்வதற்கு வழி எதுவும் தோன்றவில்லை. இத்துயர் மிகுந்த நாட்டில் ஏன் பிறந்தேன் என்னும் கேள்வியுடன் அச்செய்யுள் முடிகிறது.

இது இறந்தவரின் பெருமைகளைச் சொல்லிப் புலம்பும் கையறுநிலைப் பாடலின் அமைப்பில் இருந்து வேறுபட்டது. இங்கே இறந்தவர் பேசப்படுவதில்லை. எஞ்சி நிற்கும் சிறுவனின் கையில் இருப்பதும் இல்லாததும் எண்ணப்படுகின்றன. இறுதி வேண்டுதலில் கேட்கப்படும் தெளிவும் உறுதியும், தந்தை இறந்தபோது தம்மிடம் இல்லை என்று கவிஞர் சொன்னவையே என்பது குறிப்பிடத்தக்கது.

நூலும் வரலாறும்

‘கனவு’ செய்யுள் நூலாதலால் ஆண்டுகளைத் தருவதில்லை. வயதுகளைச் சில இடங்களில் தருகிறது. அவற்றை வரலாற்றுக் குறிப்புகளோடு ஒப்பிடும்போது சில வேறுபாடுகள் காணப்படுகின்றன.

- தாய் மறைந்தபோது தம் வயது ஐந்து என்று நூல் கூறுகிறது. 1882 இறுதியில் பிறந்தவர்க்கு 1887 இல் வயது ஐந்தை ஒட்டியது. எனவே இக்குறிப்பு பொருந்துகிறது.
- திருமணம் பன்னிரண்டு வயதை ஒட்டி நடந்ததாக நூலில் வருகிறது. திருமணம் 1897 இல் நடந்தது என்பதால், அப்போது பாரதியாரின் வயது பதினான்கு.
- தந்தையின் வீழ்ச்சிக்கு ஐரோப்பியரின் சூழ்ச்சியையே நூல் காரணமாகக் கூறுகிறது. இது மகனின் கூற்று என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது.

தடை

பிரெஞ்சு எல்லைக்குள் ஆசிரியரைத் தொட முடியாத நிலையில், அவருடைய எழுத்துகள் எல்லை தாண்டி வருவதைத் தடுக்கவே சென்னை மாகாண அரசு முயன்றது. 1910 ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் இதற்குப் பயன்பட்டது. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், புதுச்சேரியில் இருந்த தமிழ்நாட்டு அரசியல் அகதிகள் மீதான கண்காணிப்பு மிகுந்தது. அவ்வாண்டிலேயே ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய இரண்டு நூல்களும் தடை செய்யப்பட்டன. இவற்றுள் ‘ஆறில் ஒரு பங்கு’ சாதி வேற்றுமையைக் கண்டிக்கும் உரைநடைக் கதை. ஒரு சிறுவனின் காதல், கல்வி, வறுமை, தந்தை இழப்பு ஆகியவற்றைக் கூறும் நூலும் அரசுக்கு எதிரானதாகக் கருதப்பட்டதற்கு, ஆங்கிலக் கல்வியையும் ஐரோப்பியரையும் சாடும் பகுதிகள் அதில் இருப்பதை நினைவிற் கொள்ளலாம்.

பாரதியாரின் பிற ஆக்கங்களில்

பெற்றோர் இழப்பு பாரதியாரின் வேறு சில ஆக்கங்களிலும் இடம்பெறுகிறது.

- பாரதி அறுபத்தாறு: ‘கனவு’ நூலுக்குப் பின் பாடிய இன்னொரு தன்வரலாற்றுப் பாடல். இதில் தாம் பழகிய குள்ளச்சாமி, கோவிந்தசாமி, யாழ்ப்பாணத்துச் சாமி, குவளைக்கண்ணன் ஆகியோரைப் போற்றுகிறார். கோவிந்தசாமி ஒருநாள் தம் இல்லத்திற்கு வந்து, இறந்துபோன தந்தையின் உருவத்தைக் காட்டியதாகவும், பின்னர் தம்மைப் பெற்ற தாயின் வடிவத்தை எய்தியதாகவும் இதில் பாடியுள்ளார். ‘கனவு’ நூலில் பல செய்யுள்கள் இடைவெளியில் தனித்தனியே மறைந்த இருவரும் இங்கே ஒரே செய்யுளில், ஒரே வீட்டிற்குள் திரும்பி வருகின்றனர்.
- கண்ணன் பாட்டு (1917): கண்ணனைத் தாயாகவும் தந்தையாகவும் கொண்டு பாடிய தனித்தனிப் பாடல்கள் இதில் உள்ளன. தாயாகப் பாடும் பாடலில், பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லும் அன்னையாகக் கண்ணன் வருகிறான். இப்பாடல்களுக்குக் காரணம் பாரதியாரின் சொந்த இழப்பே என்பதற்கு நூலில் நேரடிச் சான்று இல்லை.
- சந்திரிகையின் கதை: பாரதியார் முற்றுவிக்காமல் விட்ட உரைநடைப் புதினம். நிலநடுக்கத்திற்கு நடுவே பிறக்கும் சந்திரிகையை, தாய் கோமதி தன் நாத்தி விசாலாட்சியிடம் ஒப்படைத்துவிட்டு இறக்கிறாள். தாயற்ற குழந்தையை அத்தை வளர்க்கிறாள்.

தமிழ்க் கதைப்பாட்டு மரபில்

பெற்றோரை இழந்த மக்களின் துயரம் தமிழ்ச் செய்யுளில் பழமையான பொருள் ஆகும். பறம்பு நாட்டை இழந்து, தந்தை பாரியையும் இழந்த மகளிர் பாடியதாக அமைந்த புறநானூறு 112 ஆம் பாடல் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அது ஒரு கணத்தின் துயரைக் கூறும் தனிப்பாடல். கதை அதற்கு வெளியே உள்ளது.

கதை தொடர்ந்து செல்லும் காப்பியத்தில் இத்துயரம் வேறு வகையில் பயன்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில், தந்தை கோவலனும், தாயாகக் கருதும் கண்ணகியும் அடைந்த துன்பத்தைக் கேட்ட மணிமேகலை கண்ணீர் விடுகிறாள். அக்கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலை மீது விழுந்து அதன் தூய்மையைக் கெடுக்கிறது. எனவே புதிய மலர் பறித்து வருமாறு மாதவி அவளை அனுப்புகிறாள். மலர்வனத்திற்குச் சென்றதில் இருந்தே காப்பியத்தின் நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. மகளின் கண்ணீரே கதையை நகர்த்துகிறது எனலாம்.

மேற்கண்டவை பிறருடைய துயரைப் புலவர் பாடியவை அல்லது பாத்திரத்தின் வாயால் பாடியவை. ‘கனவு’ நூலில் இழந்தவரே வளர்ந்தபின் தம் கதையைத் தன்மை இடத்தில் வைத்துச் சொல்கிறார். இவ்வகையில் புதிய காலத் தமிழின் தன்வரலாற்றுச் செய்யுள்களுள் இது முன்னோடியான ஒன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பின்னர் தம் சுயசரிதையைச் செய்யுளிலேயே எழுதினார்; அது அவர் மறைந்தபின் 1946 இல் நூலாக வெளிவந்தது.

புதுச்சேரியில் பாரதியாரோடு பழகி, அவர் பெயரைத் தம் பெயரில் ஏற்ற பாரதிதாசன் (கனக சுப்புரத்தினம்) கதைப்பாட்டை மிகுதியாகக் கையாண்டவர். அவருடைய ‘பாண்டியன் பரிசு’ (1943), சூழ்ச்சியால் பெற்றோரை இழந்த கதிர்நாட்டு இளவரசி அன்னத்தின் கதை. அன்னத்தின் துயரம் உரிமையை மீட்கும் போராட்டமாக மாறி, வெற்றியில் முடிகிறது. ‘கனவு’ நூலின் சிறுவனுக்கு அத்தகைய மீட்பு கதைக்குள் இல்லை; வேண்டுதல் மட்டுமே உண்டு.

நினைவிடம்

பாரதியார் 1918 நவம்பர் மாதம் புதுச்சேரியை விட்டு வெளியேறி, கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். 1921 செப்டம்பரில் சென்னையில் காலமானார். புதுச்சேரி ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு அரசால் நினைவில்லமாக ஆக்கப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

- சுப்பிரமணிய பாரதியார்
- பாரதி அறுபத்தாறு
- கண்ணன் பாட்டு
- பாண்டியன் பரிசு
- மணிமேகலை (காப்பியம்)
- கையறுநிலை
- தன்வரலாறு